கழுத்துப் பிடிப்புக்கு எந்த மாத்திரை? தலைசுற்றலில் போய் முடிந்த ஒரு நிகழ்வின் ஆய்வு

47 வயதுப் பெண். நாளுக்கு 9 மணி நேரம் கணினி முன்னால் உட்கார்ந்து செய்யும் வேலை. நான்கு மாதமாக வலது பக்கக் கழுத்திலும் தோள்பட்டையிலும் இறுக்கம், அதனோடு சேர்ந்த தலைவலி. ஆனால் அவசரப் பிரிவுக்கு அவரை அழைத்து வந்த காரணம் வேறு. காலை ஏழு மணிக்கு மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு மறுபடியும் சற்றுப் படுத்திருக்கிறார். எட்டரை மணிக்கு எழுந்து இரண்டு எட்டு வைத்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நினைவு தப்பவில்லை, அடியும் படவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஒரு தனி நோயாளியின் கேஸ் ஷீட் அல்ல. ஒரே மாதிரிச் சிக்கலோடு வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கும் விவரங்களைச் சேர்த்து, தசைவலி மருந்துகளை ஒப்பிட்டுப் பேசுவதற்காக அமைத்த நிகழ்வு. நோயாளியின் வயது, ரத்த அழுத்தம், நாட்கணக்கு எல்லாம் அப்படி அமைத்தவை. மருந்துகளைப் பற்றிய எண்கள் வெளியான ஆய்வுகளில் உள்ளவை.

வந்தபோது இருந்த நிலை

படுத்த நிலையில் ரத்த அழுத்தம் 98/60. எழுந்து நின்று மூன்றாவது நிமிடத்தில் 76/48. வழக்கமாக அவருக்கு 138/86 பக்கம் இருக்கும் என்று பழைய சீட்டுகள் காட்டின. இதைவிட என்னை நிறுத்தி வைத்தது நாடித்துடிப்பு. படுத்திருக்கும்போது 54, நின்றபோது 58. ரத்த அழுத்தம் இவ்வளவு இறங்கினால் இதயம் வேகமெடுத்து ஈடுகட்டப் பார்க்க வேண்டும். உடம்பில் நீர் வற்றியவருக்கு நாடி 110, 120 என்று ஓடும். இவருக்கு அது நடக்கவே இல்லை. ஏதோ ஒன்று அந்த ஈடுகட்டும் வேலையையே அமுக்கி வைத்திருக்கிறது என்று பொருள்.

ஈசிஜியில் துடிப்பு மெதுவாக இருந்ததே தவிர துடிப்பைக் கடத்தும் மின் பாதையில் அடைப்பு எதுவும் தெரியவில்லை. சர்க்கரை சரியாக இருந்தது. காய்ச்சல் இல்லை. வாய் உலர்ந்திருந்தது, பேசும்போதே கண் சொருகியது. சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் கூடும் கிரியேட்டினின் 1.3, ஆறு மாதத்துக்கு முன் 0.8 இருந்தது.

என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "பிரஷர் மாத்திரை, கொழுப்பு மாத்திரை, அப்புறம் நேத்துல இருந்து யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு ஒண்ணு" என்றார். கழுத்துக்கு எதுவும் இல்லையா என்று குறிப்பாகக் கேட்ட பிறகுதான், "அது வலி மாத்திரைதானே டாக்டர், அதையும் சொல்லணுமா?" என்றார். வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொன்னோம். மேசையில் பரப்பியபோது இவ்வளவு இருந்தன.

டெல்மிசார்ட்டானும், நீர் பிரிக்கும் மருந்தான ஹைட்ரோகுளோரோதயாசைடும் சேர்ந்த ரத்த அழுத்த மாத்திரை, மூன்று ஆண்டாக. ஸ்டாட்டின் வகைக் கொழுப்பு மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி., எட்டு மாதமாக. டைக்ளோஃபினாக் 50 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி., குளோர்சாக்சசோன் 250 மி.கி. மூன்றும் ஒன்றாக உள்ள கூட்டு மாத்திரை, நாளுக்கு இரண்டு, நான்கு மாதத்தில் பெரும்பாலான நாட்கள். தலைவலி வந்தால் தனியாக பாராசிட்டமால் 650 மி.கி., சில நாள் மூன்று வரை. இறுக்கம் விடவில்லை என்று ஆறு நாளுக்கு முன் வேறொரு இடத்தில் எழுதிக்கொடுத்த டிசானிடின் 2 மி.கி., நாளுக்கு மூன்று வேளை. கடைசியாக, முந்தின நாள் காலையில் இன்னொரு இடத்தில் தொடங்கிய சிப்ரோபிளாக்சசின் 500 மி.கி., இரண்டு வேளை.

அட்டைகளைத் தேதி வரிசையில் வைத்ததும் விடை கண்ணெதிரே வந்துவிட்டது. ரத்த அழுத்த மாத்திரை மூன்று ஆண்டாக மாறவில்லை. டிசானிடின் சேர்ந்த பிறகும் ஐந்து நாள் கொஞ்சம் தூக்கக் கலக்கத்தோடு சமாளித்திருக்கிறார். சிப்ரோபிளாக்சசின் சேர்ந்த மறுநாள் விழப் பார்த்திருக்கிறார்.

டிசானிடினும் சிப்ரோபிளாக்சசினும்

டிசானிடின் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள ஆல்ஃபா-2 ஏற்பிகளைத் தூண்டுகிறது. குளோனிடின் என்ற பழைய ரத்த அழுத்த மருந்துக்கு உறவுக்காரன். தசையின் விறைப்பைக் குறைக்கும் அதே வழியில் ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் குறைக்கும், தூக்கத்தையும் கொடுக்கும். சாதாரணமாக இரண்டரை மணி நேரத்தில் அதன் அளவு பாதியாகிவிடும், ஏனென்றால் ஈரலில் உள்ள சி.ஒய்.பி. 1ஏ2 என்ற நொதி அதை வேகமாகச் சிதைத்துவிடுகிறது.

அந்த நொதியைத்தான் சிப்ரோபிளாக்சசின் தடுக்கிறது. 2004-ல் ஃபின்லாந்தில் ஆரோக்கியமானவர்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது, ரத்தத்தில் டிசானிடினின் மொத்த அளவு சராசரியாக 10 மடங்கு கூடியது. மன அழுத்தத்துக்கும் எண்ணச் சுழற்சி நோய்க்கும் கொடுக்கும் ஃபுளுவாக்சமினோடு சேர்த்தபோது 33 மடங்கு. இந்த இரண்டையும் டிசானிடினோடு சேர்க்கவே கூடாது என்று மருந்துக் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. கருத்தடை மாத்திரையும் ஏறக்குறைய 4 மடங்கு கூட்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இளம்பெண்களுக்கு இந்த மருந்தை எழுதும்போது நான் கட்டாயம் கேட்கும் கேள்வி அது.

ஆகவே 2 மி.கி. விழுங்கிய இவருடைய உடம்பு அதைப் பல மடங்கு பெரிய அளவாகவே உணர்ந்திருக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் அளவு உச்சத்துக்குப் போன சமயத்தில் கட்டிலை விட்டு எழுந்திருக்கிறார். கூடவே ரத்த அழுத்த மாத்திரை வேறு உள்ளே இருந்தது.

டிசானிடினை நிறுத்தினோம். அதிக அளவில் பல வாரம் எடுத்தவருக்கு திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும், அவர்களுக்குப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இவர் ஆறு நாள் சிறிய அளவில் எடுத்தவர் என்பதால் அந்தப் பயம் இல்லை. இரண்டில் எதை நிறுத்துவது என்பதில் தயக்கமும் இல்லை. சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து வேண்டும், அதுவும் மூன்று நாளில் முடியப் போகிறது. கழுத்துக்கு டிசானிடின் கட்டாயம் இல்லை. ரத்த அழுத்த மாத்திரையை அன்றைக்கு மட்டும் நிறுத்தி, சிரை வழியாக நீரேற்றி, கண்காணிப்பில் வைத்தோம். அன்று இரவு 112/70, மறுநாள் காலை 124/78. தூக்கக் கலக்கமும் போய்விட்டது.

கிரியேட்டினின் 1.3 ஆனதற்குத் தனிக் காரணம் இருந்தது. டெல்மிசார்ட்டான் வகை மாத்திரை, நீர் பிரிக்கும் மாத்திரை, டைக்ளோஃபினாக் போன்ற வலிநிவாரணி மூன்றும் ஒருவர் உடம்பில் சேர்வது சிறுநீரகத்துக்கு ஆகாது. முதல் இரண்டும் ஏற்கெனவே சிறுநீரக வடிகட்டியின் அழுத்தத்தைக் குறைத்து வைத்திருக்க, வலிநிவாரணி உள்ளே போகும் ரத்தக் குழாயையும் சுருக்கிவிடுகிறது. நான்கு மாதமாக நாளுக்கு இரண்டு முறை அதுதான் நடந்திருக்கிறது. வலிநிவாரணி ரத்த அழுத்த மருந்தின் வேலையையும் மழுங்கடிக்கும். மருந்து சாப்பிட்டும் 138 ஆகவே நின்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று குறித்து வைத்தோம்.

சரி, கழுத்து?

அவசரம் முடிந்த மறுநாள்தான் கழுத்தை நிதானமாகப் பார்க்க முடிந்தது. வலது தோள்பட்டையின் மேல் தசையில், கழுத்துக்கும் தோள் நுனிக்கும் நடுவில், கயிறு மாதிரி ஒரு பட்டை விரலுக்குத் தட்டுப்பட்டது. அதை அழுத்தியதும் வலி கழுத்தின் பக்கவாட்டில் ஏறி, காதைச் சுற்றிப் பொட்டு வரை போனது. "இதேதான், தலைவலி இப்படித்தான் வரும்" என்றார். தலையை இடது பக்கம் சாய்க்கும்போது பாதியில் நின்றது. கைகளில் பலம், தொடு உணர்வு, அனிச்சைச் செயல்கள் எல்லாம் சரியாக இருந்தன. கழுத்தைச் சாய்த்துத் தலையை அழுத்தியபோது கைக்கு வலி இறங்கவில்லை. எடை குறைதல், இரவுக் காய்ச்சல், நடையில் தடுமாற்றம், திடீரென வெடிக்கும் தலைவலி எதுவும் இல்லை.

கொழுப்பு மாத்திரையால் வந்த தசைவலியா என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. அது பெரும்பாலும் இரு பக்கமும் ஒரே மாதிரி, தொடை, இடுப்பு, தோள் போன்ற பெரிய தசைகளில் வரும். இவருக்கு ஒரு பக்கம், ஒரு இடம், அழுத்தினால் அச்சு அசலாகத் திரும்பி வரும் வலி. தசை பழுதானால் ரத்தத்தில் கூடும் சிகே என்ற நொதியின் அளவும் சரியாக இருந்தது. 2020-ல் வெளியான ஒரு ஆய்வில், ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தியவர்களுக்கு ஒரு மாதம் ஸ்டாட்டினும் ஒரு மாதம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டின் மாதத்தில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதத்திலும் வந்தது. அதனால் அட்டோர்வாஸ்டாட்டின் தொடர்ந்தது.

தலைவலிக்குக் கழுத்து மட்டும் காரணமா என்பதுதான் அடுத்தது. மாதத்தில் ஏறக்குறைய 20 நாள் தலைவலி, நான்கு மாதமாக. ஏற்கெனவே தலைவலி உள்ளவர் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால், மாத்திரையே தலைவலியை நீட்டிக்கும். பல மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைக்கு அந்த வரம்பு 10 நாள்தான். சர்வதேச தலைவலி வகைப்பாட்டில் இருக்கும் வரையறை இது. இவர் அதற்குள் நன்றாகவே பொருந்தினார்.

ஒப்பீட்டுக்கு வருவோம்

"இதைவிடப் பவரான மாத்திரை எழுதுங்க" என்பது தசைப்பிடிப்போடு வருகிறவர்கள் அதிகம் கேட்பது. எழுதுகிற இடத்திலும் பெரும்பாலும் அந்த ஏணிதான் மனசில் இருக்கிறது: முதலில் பாராசிட்டமால், பிறகு வலிநிவாரணி, பிறகு தசை தளர்த்தி, பிறகு இன்னொரு தசை தளர்த்தி. நல்ல முறையில் நடந்த ஆய்வுகளை வரிசையாகப் பார்த்தால் அப்படி ஒரு ஏணியே கிடையாது என்பதுதான் என் முடிவு.

தசை தளர்த்தி என்ற பெயரைக் கேட்டால் மருந்து நேராகத் தசைக்குப் போய் முடிச்சை அவிழ்க்கும் என்று தோன்றும். நேராகத் தசையில் வேலை செய்வது டான்ட்ரோலின் ஒன்றுதான். அது தண்டுவட நோய்களில் வரும் விறைப்புக்கும், மயக்க மருந்தால் வரும் ஆபத்தான காய்ச்சலுக்கும் உரியது, கழுத்துப் பிடிப்புக்கு இல்லை. மற்றவை பெரும்பாலும் மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்பவை. அவை தரும் ஆறுதலில் எவ்வளவு தசை தளர்வு, எவ்வளவு தூக்கம் என்று பிரித்துச் சொல்வது கடினம். இன்னொன்றும் உண்டு: விரலுக்கு இறுகலாகத் தட்டுப்படும் தசையில் மின்முனை வைத்துப் பார்த்தால், ஓய்வில் அது பல நேரம் அமைதியாகவே இருக்கிறது. தளர்த்துவதற்கு அங்கே தொடர்ந்த சுருக்கமே இல்லாமல் இருக்கலாம்.

இந்தக் கூட்டத்துக்குள்ளேயே இரண்டு சாதி உண்டு. பாக்லோஃபென், டிசானிடின், டான்ட்ரோலின் மூன்றும் பக்கவாதம், தண்டுவடக் காயம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் போன்றவற்றில் வரும் விறைப்புக்காக வந்தவை. சைக்ளோபென்சாப்ரின், மீத்தோகார்பமால், குளோர்சாக்சசோன், கரிசோபிரடால், தயோகால்கிகோசைடு போன்றவை சாதாரணத் தசைப்பிடிப்புக்கானவை. முதல் வகையைக் கழுத்துப் பிடிப்புக்கு எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இந்தப் பெண்ணின் கதை அங்கிருந்துதான் தொடங்கியது.

இனி ஆய்வுகள். நியூயார்க்கின் அவசரப் பிரிவுகளில் புதிதாக இடுப்புவலியோடு வந்தவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரே குழுவினர் வரிசையாக நடத்திய ஆய்வுகளை நான் மிகவும் மதிக்கிறேன். 2015-ல் 323 பேர்: எல்லோருக்கும் நாப்ராக்சென் என்ற வலிநிவாரணி, கூடவே ஒரு பிரிவுக்கு சைக்ளோபென்சாப்ரின், ஒரு பிரிவுக்கு அபின் வகை வலி மருந்தான ஆக்சிகோடோனும் பாராசிட்டமாலும், ஒரு பிரிவுக்கு வெற்று மாத்திரை. ஒரு வாரம் கழித்து மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. 2017-ல் நாப்ராக்செனோடு டயசிபாம் என்ற அமைதிப்படுத்தி, 2018-ல் ஆர்ஃபெனாட்ரின், மீத்தோகார்பமால் என்ற தசை தளர்த்திகளில் ஒன்று. 2019-ல் 320 பேருக்கு ஐபுப்ரோஃபெனோடு பாக்லோஃபென், மெட்டாக்சலோன், டிசானிடின் என்ற தசை தளர்த்திகளில் ஒன்று அல்லது வெற்று மாத்திரை. ஒவ்வொரு முறையும் அதே விடை: கூடச் சேர்த்த மாத்திரையால் கூடுதல் பலன் இல்லை.

தசை தளர்த்தியால் பலனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2021-ல் 31 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிடிப்புக்கான மருந்துகள் முதல் இரண்டு வாரத்தில் இடுப்புவலியை 100-க்கு சுமார் 8 புள்ளி குறைத்தன. 60 இருந்த வலி 52 ஆகிறது. நோயாளிக்குத் தெரியும் அளவா என்றே சந்தேகம். அந்த முடிவின் நம்பகத்தன்மையும் மிகக் குறைவு என்று தொகுத்தவர்களே எழுதியிருக்கிறார்கள். தலைசுற்றல், தூக்கம், குமட்டல் போன்ற தொந்தரவுகள் கூடக்கூடும் என்றும் தெரிந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இவை எல்லாமே இடுப்புவலி ஆய்வுகள், அதுவும் பெரும்பாலும் புதிதாக வந்த வலி. கழுத்துத் தசைக்கு, அதுவும் மாதக்கணக்கில் இருக்கும் இறுக்கத்துக்கு, இந்த அளவுக்கு நல்ல ஆய்வுகள் இல்லை. இருப்பதை வைத்து ஊகிக்கிறோம் என்பதை நோயாளியிடமும் சொல்லிவிடுவேன்.

பலனில் பெரிய வித்தியாசம் இல்லை என்றால், தேர்வு கெடுதலைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். கெடுதலில் இந்த மருந்துகள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபடுகின்றன.

சைக்ளோபென்சாப்ரின், அமிட்ரிப்டைலின் என்ற பழைய மன அழுத்த மருந்தின் மிக நெருங்கிய உறவு. வாய் உலரும், சிறுநீர் தங்கும், குறுகிய கோணக் கண் அழுத்த நோய் உள்ளவருக்குக் கூடாது, இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவருக்குக் கூடாது. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் 18 மணி நேரம் ஆகும், அதனால் இரவு போட்டதன் கலக்கம் மறுநாள் பகலிலும் இருக்கும். மன அழுத்த மாத்திரையோ டிரமடால் என்ற வலி மருந்தோ எடுப்பவருக்குச் சேர்த்தால், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற பொருள் கூடி ஆபத்தாகலாம். எழுதுவதானால் 5 மி.கி. போதும், இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வேண்டாம்.

கரிசோபிரடால் ஈரலில் மெப்ரோபமேட்டாக மாறுகிறது. அது பழக்கத்துக்கு அடிமையாக்கும் பழைய அமைதிப்படுத்தி. 2007-ல் ஐரோப்பிய மருந்துகள் முகமை இதை விற்பனையிலிருந்து நிறுத்தப் பரிந்துரைத்தது, 2012-ல் அமெரிக்கா கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. நான் எழுதுவதில்லை.

பாக்லோஃபென் பெரும்பகுதி சிதையாமல் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும். சிறுநீரகம் பழுதானவருக்குச் சிறிய அளவே குழப்பத்தையும் ஆழ்ந்த மயக்கத்தையும் கொண்டுவரலாம். நீண்ட நாள் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மாயத் தோற்றங்களும் வரும். இந்தப் பெண்ணின் கிரியேட்டினின் 1.3 இருந்த அன்று, "டிசானிடினுக்குப் பதில் இது" என்று மாற்றியிருந்தால் ஒரு குழியிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டது போலத்தான்.

தயோகால்கிகோசைடு பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டு மாத்திரைகளில் சத்தமில்லாமல் இருக்கும். அது உடம்பில் சிதைந்து உண்டாகும் ஒரு பொருள், பிரியும் செல்களில் குரோமோசோம் எண்ணிக்கையைக் குழப்பக்கூடும் என்று தெரிந்ததும், 2013-ல் ஐரோப்பிய மருந்துகள் முகமை கடும் வரம்பு விதித்தது: வாய்வழி 8 மி.கி. நாளுக்கு இரண்டு வேளை, அதிகபட்சம் 7 நாள். ஊசியானால் 4 மி.கி. இரண்டு வேளை, 5 நாள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் கூடாது. மாதக்கணக்கில் இதைச் சாப்பிடுகிறவர்கள் வருகிறார்கள். அட்டையின் பின்பக்கத்தைப் படித்தால் மட்டுமே தெரியவரும்.

குளோர்சாக்சசோன் அரிதாக ஈரலைக் கடுமையாகத் தாக்கும். டயசிபாமின் சிதைவுப் பொருள் நாட்கணக்கில் உடம்பில் தங்கும், பழக்கமும் ஆகும். 65 வயதைத் தாண்டியவர்களுக்குப் பிடிப்புக்கான இந்த மாத்திரைகள் எதுவுமே வேண்டாம் என்பது முதியோர் மருத்துவத்தின் பழைய அறிவுரை. விழுந்து எலும்பு முறிவதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

வலிநிவாரணிகளில், புதிய தசைவலிக்கு நாப்ராக்சென், ஐபுப்ரோஃபென் வகைக்கு ஓரளவு பலன் உண்டு. வயிறு, சிறுநீரகம், இதயம் மூன்றும் நன்றாக இருக்கும் இளவயதுக்காரருக்குச் சில நாள் கொடுக்கலாம். பாராசிட்டமாலைப் பற்றி 2014-ல் வந்த சிட்னி ஆய்வு எல்லோரையும் யோசிக்க வைத்தது. புதிய இடுப்புவலியோடு வந்த 1,652 பேரில், நேரம் தவறாமல் பாராசிட்டமால் எடுத்தவர்கள் தேற 17 நாள், தேவைப்பட்டபோது எடுத்தவர்களுக்கு 17, வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 16. ஆக்சிகோடோன் போன்ற ஓபியாய்டுகளை நீட்டிப் பேச வேண்டியதில்லை: 2023-ல் அதே சிட்னியிலிருந்து வந்த 347 பேர் ஆய்வு, இடுப்பு, கழுத்து இரண்டின் புதிய வலியிலும் ஆறு வாரத்தில் வெற்று மாத்திரையைவிட மேல் இல்லை என்று காட்டிவிட்டது.

மேலே பூசும் டைக்ளோஃபினாக் ஜெல்லுக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைப்பதில்லை. சுளுக்கு, தசைவலி போன்ற புதிய வலிகளில், இடுப்புவலி தவிர்த்து, முதல் தேர்வாக இதையே வைக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் சங்கங்கள் 2020-ல் பரிந்துரைத்தன. முழங்காலில் பூசிப் பார்த்த அளவீட்டில், ரத்தத்தில் சேர்வது மாத்திரையால் சேர்வதில் 6 சதவீதம்தான். தோள்பட்டைத் தசை தோலுக்கு மிக அருகில் இருக்கிறது, அதனால் ஜெல் போய்ச் சேரவும் வாய்ப்பு அதிகம்.

மாதக்கணக்கில் நீடித்த வலிக்கு வேறு கணக்கு. அங்கே தசையைவிட, வலியைக் கடத்தும் நரம்பு மண்டலத்தின் உணர்திறன் பெரிய பங்கு வகிக்கிறது. நீடித்த இறுக்கத் தலைவலிக்கு அமிட்ரிப்டைலின் குறைந்த அளவில் இரவில் கொடுப்பது இதனால்தான். 2001-ல் 203 பேரிடம் நடந்த ஆய்வில், இந்த வகை மருந்தோடு மன இறுக்கத்தைக் கையாளும் பயிற்சியும் பெற்றவர்களில் 64 சதவீதம் பேருக்குத் தலைவலி பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தது. மருந்து மட்டும் பெற்றவர்களில் 38, பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 35, வெற்று மாத்திரைக்கு 29. இந்த நான்கு எண்களை நான் நோயாளிகளுக்குத் தாளில் எழுதியே காட்டுவேன்.

இவருக்கு நாங்கள் செய்தது

கூட்டு மாத்திரை அன்றே நின்றது. ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்தையும் அவரோடு சேர்ந்து படித்தோம். தலைவலிக்குத் தனியாகப் போட்ட பாராசிட்டமால் கூட்டு மாத்திரையிலும் இருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. சில நாள் இரண்டும் சேர்ந்து 2,600 மி.கி. ஆகியிருக்கிறது, 4,000 வரம்புக்குள்தான், ஆனால் தெரியாமல். குளோர்சாக்சசோனும் டிசானிடினும் இரண்டுமே தசை தளர்த்தி என்பதையும், ஆறு நாளாக இரண்டையும் சேர்த்து எடுத்திருக்கிறார் என்பதையும் காட்டினோம். "ஒண்ணு வலிக்கு, ஒண்ணு இறுக்கத்துக்குன்னு நினைச்சேன்" என்றார்.

நிறுத்தியதும் முதல் வாரம் தலைவலி கூடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை நன்றாகவே கூடியது. அந்த நாட்களில் ஒத்தடம், ஓய்வு, தாங்கவே முடியாவிட்டால் பாராசிட்டமால், அதுவும் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் இல்லை. சொல்லாமல் விட்டிருந்தால் மூன்றாம் நாளே பழைய அட்டையைத் தேடிப் போயிருப்பார்.

ஜெல்லைக்கூட உடனே தொடங்கவில்லை. உள்ளே போவது கொஞ்சம்தான் என்றாலும் கிரியேட்டினின் இறங்குவதைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் 1.0 ஆனது, அதன் பிறகு டைக்ளோஃபினாக் ஜெல் நாளுக்கு மூன்று முறை, பத்து நாளுக்கு. அதே வாரம், ரத்த அழுத்தம் நின்றபடி அளந்தாலும் சரியாக இருப்பதையும் ஈசிஜியையும் பார்த்துவிட்டு, அமிட்ரிப்டைலின் 10 மி.கி. இரவில், படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்.

மருந்தைவிட அதிக நேரம் இயன்முறைச் சிகிச்சையாளரோடு செலவானது. தோள்பட்டையை உயர்த்தி இறக்கும் பயிற்சியைச் சிறு எடையோடு, வாரம் மூன்று நாள், 20 நிமிடம். இதே தசையில் வலி இருந்த பெண்களிடம் டென்மார்க்கில் 2008-ல் நடந்த 10 வார ஆய்வில், அந்தத் தசைக்கென்றே செய்த பலப் பயிற்சி, சைக்கிள் மிதிக்கும் பொதுப் பயிற்சியைவிட வலியை நன்றாகக் குறைத்தது. வலிக்கிற தசைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று நம்பியவர் என்பதால், முதல் இரண்டு வாரம் பயந்து பயந்துதான் செய்தார். கணினித் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தியதும், அரை மணிக்கு ஒரு முறை எழுவதும் கூட நடந்தன.

ஆறாவது வாரத்தில் கழுத்து வலி 10-க்கு 7-லிருந்து 3. தலைவலி மாதத்தில் 20 நாளிலிருந்து 6 நாள். கிரியேட்டினின் 0.9. ரத்த அழுத்தம் அதே மாத்திரையில், அதே அளவில் 126/80. டைக்ளோஃபினாக்கைப் பற்றி முன்பு குறித்து வைத்ததோடு இது பொருந்துகிறது. காலையில் வாய் கொஞ்சம் உலர்வதைத் தவிர அமிட்ரிப்டைலினால் தொந்தரவு இல்லை.

இந்த முன்னேற்றத்தில் எதன் பங்கு எவ்வளவு என்று ஒரு நிகழ்வை வைத்துச் சொல்ல முடியாது. மாத்திரையை நிறுத்தியது, பயிற்சி, அமிட்ரிப்டைலின், ஜெல், கடந்துபோன காலம் எல்லாம் ஒன்றாக நடந்தவை. என் ஊகம், பெரிய பங்கு நிறுத்தியதற்கும் பயிற்சிக்கும். அமிட்ரிப்டைலினை ஆறாவது மாதத்தில் குறைத்துப் பார்க்கும்போது அதன் பங்கு கொஞ்சம் தெளிவாகும்.

பிடிப்பு மறுபடி வந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். முதலில் ஒத்தடமும் ஜெல்லும். பயிற்சியை நிறுத்தாமல் எடையை மட்டும் குறைப்பது. டெல்மிசார்ட்டானும் நீர் மாத்திரையும் தொடரும் வரை டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென் மாத்திரைகள் வேண்டாம். அமிட்ரிப்டைலின் தொடரும் வரை சைக்ளோபென்சாப்ரின் வேண்டாம். டிசானிடின் இனி எப்போதும் வேண்டாம் என்பது தடித்த எழுத்தில் முதல் வரியிலேயே இருக்கிறது, சிறுநீர்த் தொற்று திரும்ப வந்தால் எங்கே போனாலும் காட்ட வேண்டிய தாள் அது என்பதால்.